கூடவே வந்த கொழும்பு வீடு

எங்க பனைமுனையில கொழும்பு வீடு நடந்து வந்து கோயில் மைதானத்துல உக்காந்த அன்னைக்கு எனக்குக் கோவம் வந்தது வீட்டு மேல இல்ல, வார வழியில எங்க பாத்ரூம் சுவரை உரசி இடிச்சிட்டுப் போச்சே அதுக்கும் இல்ல, ஊரே எங்க வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, பாத்தியா மிக்கேலம்மா, பாத்தியா மிக்கேலம்மான்னு என் உயிரை வாங்குச்சே, அதுக்குத்தான். பாக்காம என்ன, எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு, மாடியும் ஓடும் தூணும் மாடப்புறாவுமா ஒரு வீடு நம்ம வாசலைத் தாண்டிப் போனா யாருக்குத்தான் தெரியாது. அன்னைக்கு அடுப்புல கெடந்த மீன் கொழம்பு அடிப்பிடிச்சுப் போச்சு.

வீட்டைப் பத்தி மொதல்ல சொல்லணும். தோணி வச்சிக் கொழும்புக்கு யாவாரம் பண்ணின ஒரு பெரிய மனுசன் கட்டின வீடு அது. கல்லு பூராவும் கடலுக்கடியில இருந்து வெட்டி எடுத்த முருகைக்கல்லு, பூச்சு பூராவும் சிப்பி சுட்ட சுண்ணாம்பு, உள்ள போனா ஒரு கதவைத் தொறந்தா இன்னொரு கதவு, அதைத் தொறந்தா இன்னொண்ணு, தூசி தட்டுதவளுக்குத்தான் தெரியும் அதோட பெருமை. கடலுக்கடியில மீன் அடையிற கல்லுத்திட்டை நாங்க பார்னு சொல்லுவோம். எங்க ஆம்பளைங்க கடல்ல நின்னுக்கிட்டு, கோயில் கோபுரத்தையும் கொழும்பு வீட்டு மாடியையும் ஒரே கோட்டுல கொண்டு வந்து, அதை வச்சித்தான் பார் எங்ஙன இருக்குன்னு கண்டுபிடிப்பாவ. அதனால அந்த வீட்டுக்குள்ள கால் வைக்காதவனுக்கும் அந்த வீடு வேணும்.

அந்தப் பெரிய மனுசன் காலத்துல ஏதோ ஒரு கப்பல் ஒடைஞ்சு, அதுல இருந்து ஒரு மாதா சுரூபம் அவரு வலையில வந்துது. வீட்டுக்குக் கொண்டாந்து கூடத்துல வச்சா, எந்தப் பக்கம் பாத்து வச்சாலும் விடிஞ்சு பாக்கும்போது மாதா கடலைப் பாத்துத்தான் நிப்பாவளாம். வந்த எடத்துக்கே போயிருவாவளோன்னு பயந்து, அந்த மனுசன் கூடத்துச் சுவத்துல குழி வெட்டி, மாதாவை உள்ள நிறுத்தி, நெஞ்சு வரைக்கும் சுண்ணாம்பு வச்சிப் பூசிட்டாரு. முகமும் ரெண்டு கையும் மட்டும் வெளிய தெரியும். நாங்க சுவத்து மாதான்னு சொல்லுவோம், பரீட்சைக்கும் பிரசவத்துக்கும் அங்ஙனதான் மெழுகுதிரி ஏத்துவோம், அவிய நெஞ்சு வரைக்கும் சுவருக்குள்ள நிக்கிறதை யாரும் ஒரு பொருட்டா நெனச்சதே இல்ல.

அந்தக் குடும்பத்துல கடைசியா மிஞ்சினவ ஜெனோவா. மத்தவங்க கொழும்புக்கும் கனடாவுக்கும் போயிட்டாவ. இவளோட அப்பா மாடி ரூம்ல படுத்த படுக்கையாக் கெடந்தாரு, கெடந்தாரு, இவ வயசு எல்லாம் போற வரைக்கும் கெடந்தாரு. அவரு கண்ணை மூடின பொறவு அவளுக்குன்னு இருந்தது ரெண்டே பேரு: ஒண்ணு, பக்கத்துச் சுவருக்காரியான நான், இன்னொண்ணு, ஐஸ் லாரி ஓட்டிக்கிட்டு வாரந்தோறும் கொல்லத்துல இருந்து வார இஞ்ஞாசி. இஞ்ஞாசிக்கு முன் வழுக்கை, பேச்சு கொறைவு, நல்ல மனுசன். ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டுக் கொல்லத்துல குடியிருக்கிறதுன்னு பேசி வச்சிருந்தாவ.

அப்பதான் கடற்கரை ரோட்டை அகலமாக்க அளந்துக்கிட்டு வந்தாவ, கோடு நேரா கொழும்பு வீட்டு நடுக்கூடத்து வழியாப் போச்சு. ஊர் கொதிச்சுது. கஸ்டம்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆன லியோன் சார் தலைமையில பழைய வீட்டைப் பாதுகாக்கக் குழு ஒண்ணு போட்டாவ, பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தாவ, டிவிக்காரன் வந்தான், பனைமுனையோட அடையாளம், பரம்பரை, வரலாறுன்னு சார் மைக்கைப் பிடிச்சாவன்னா விடவே மாட்டாவ. எல்லாம் சரி, அந்த வீட்டுக்குள்ள இருக்கவகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பா. அவ எங்கிட்ட சொன்னா: இடிச்சிட்டுப் போகட்டும் யக்கா, நான் பொறந்ததுல இருந்து இந்தக் கதவுகளைத் தொறந்து தொறந்து மூடுதேன், ஒரு கதவாவது வெளிய போகலன்னு.

குழு தோத்துது, பொக்லைன் வந்து நின்னுது. இப்ப எங்க ஊரு வழக்கம் ஒண்ணு சொல்லணும். ஒரு வீட்டைக் காலி பண்ணிட்டு ஒரேயடியாப் போகும்போது, அந்த வீட்டுப் பொம்பளை சுரூபத்தைக் கையில எடுத்துக்கிட்டு, மெழுகுதிரி பிடிச்சிக்கிட்டு, வாங்கம்மா நம்ம போவோம், வாங்கம்மா நம்ம போவோம்னு மூணு தடவை கூப்பிட்டுட்டுப் படி இறங்கணும், கோயிலு போயிச் சேருத வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது. ஆள் இல்லாத வீட்டுல சாமியைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு பெரியவங்க வச்ச வழக்கம். ஜெனோவாவுக்குச் சுரூபம் சுவத்துல இருக்கு, கையில எப்படி எடுப்பா? பங்குச் சாமியார் வந்து, அதுக்கென்ன, ஒரு மாதா படத்தைக் கையில எடுத்துக்கோன்னு சொன்னாவ. அவளும் காலண்டர்ல இருந்து படத்தைக் கிழிச்சுக் கையில வச்சிக்கிட்டா. ஆனா சின்னப் பிள்ளையில இருந்து எந்த முகத்தைப் பாத்து அழுதாளோ அந்த முகத்தைத்தானே வாய் கூப்பிடும். சுவத்து மாதாவே, வாங்கம்மா நம்ம போவோம்னு மூணு தடவை கூப்பிட்டுட்டுப் படி இறங்கிட்டா.

கூப்பிட்டா வருவாவதானே. மாதா வந்தாவ. மாதா சுவத்துல இருக்காவ, அதனால சுவர் வந்துது. சுவர் வந்தா தூணு வரும், தூணு வந்தா மாடி வரும், மாடி வந்தா ஓடு வரும், ஓட்டுல இருந்த புறாகூட எந்திரிக்காம அப்பிடியே வந்துது. ஜெனோவாவுக்குப் பின்னால ஓடு சலசலக்கிற சத்தம் கேட்டிருக்கு, சரி இடிக்க ஆரம்பிச்சிட்டானுவன்னு நெனச்சா. ஜனம் கத்தின சத்தம் கேட்டிருக்கு, வீட்டுக்காக அழுதாவன்னு நெனச்சா. திரும்பிப் பாக்கக் கூடாதுலா, அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் தெரு வழியா நடந்து, எங்க வாசலைத் தாண்டி, கோயில் மைதானத்துக்கு வந்து, கொடிமரத்தண்ட நின்னு திரும்பினா. பசுவுக்குப் பின்னால வந்த கன்னுக்குட்டி மாதிரி வீடு அவ முதுகுக்குப் பின்னால நின்னுது.

ரோட்டுக்காரங்க டேப்பைப் பிடிச்சுக்கிட்டு அங்க பாத்தாவ, இங்க பாத்தாவ. இடிக்க வேண்டிய எடத்துல வீடு இல்ல, வீடு இருக்க எடத்துல இடிக்க உத்தரவு இல்ல. கொஞ்ச நேரம் டீ குடிச்சிட்டு, காலி எடத்துல ரோட்டைப் போட ஆரம்பிச்சிட்டாவ. லியோன் சார் ஓடி வந்து ஜெனோவா கழுத்துல மாலை போட்டாவ, ஊர் கை தட்டுச்சு, யாரோ வேட்டுப் போட்டான். மாலையோட நின்ன அவ முகத்தை நான் ஒருத்திதான் பாத்தேன், பாதிக் கல்யாணத்துல மாப்பிள்ளையைக் காணாத பொண்ணு மாதிரி இருந்துது.

ஊர் எதுக்குத்தான் பழகாது. கரண்டு ஆபீஸ்காரன் வந்து, எதுக்கும் இருக்கட்டும்னு வயரை நீளமா விட்டுக் கட்டிட்டுப் போனான். போஸ்ட்மேன் மூணு நாளு பழைய எடத்துல போயி நின்னுட்டு நாலாம் நாளு மைதானத்துக்கு வந்தான். மைதானத்தை ஒட்டினாப்புல ரேசன் கடை, காலை வெயில்ல நின்னு மண்டை காயிற எங்களுக்கு இப்ப வீட்டு நெழல் விழுந்துது, அதனால வரிசை ரொம்ப ஒழுங்கா ஆயிட்டு. கிரிக்கெட் ஆடுத பயலுவ, பந்து மாடியில விழுந்தா அவுட்டுன்னு சட்டம் போட்டுக்கிட்டானுவ. கடலுக்குப் போன ஆம்பளைங்கதான் பாவம், வீட்டு மாடி எடம் மாறினதால கோடு மாறி, ஒரு வாரம் பாரைக் காணாம வெறும் வலையோட வந்தாவ; பொறவு புதுசாக் கோடு பிடிச்சாவ, அது பழசைவிடச் சுளுவா இருக்குன்னும் சொன்னாவ. வெளியூர்க்காரங்க நடந்த வீட்டைப் பாக்க வேன் பிடிச்சு வந்தாவ, மெழுகுதிரிக் கடை, எளனிக் கடை, சர்பத் கடை எல்லாம் வந்துட்டு. வீடு எப்பிடி நடந்துதுன்னு யாரும் கேக்கல, வாரவங்களும் அதைக் கேக்காம, பாத்ரூம் எங்க இருக்குன்னுதான் கேட்டாவ.

வீடு நடந்து வந்த அந்த வாரக் கடைசியிலயே இஞ்ஞாசி லாரி வந்துது. ஜெனோவா பையை எடுத்துக்கிட்டுப் படி இறங்கி, மைதானத்துக் கிணறு வரைக்கும் வந்தா. கிணத்தைத் தாண்டினதும் ஓடு சலசலன்னு தொண்டையைக் கனைச்சுது. இன்னும் ஒரு எட்டு வச்சா, வாசப்படி மண்ணுல இருந்து எந்திரிச்சுது. இன்னும் ஒரு எட்டு வச்சா, ரேசன் கடைத் தகரம் நெளிஞ்சு, வரிசையில நின்ன சனம் அரிசிப் பையைப் போட்டுட்டு ஓடுச்சு. பின்னால வீடு, முன்னால தெரு, தெருவுல எங்க வீடு எல்லாம். அவ அப்பிடியே நின்னுட்டா. லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்துது, பொறவு அதுவும் நின்னுது. அவ பின்னாலயே நடந்து, ஒவ்வொரு எட்டா வீட்டைத் தள்ளிக்கிட்டு, மைதானத்துல நின்ன எடத்துலயே கொண்டு நிறுத்திட்டு, உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா.

மேக்க தெரு. வடக்க கோயில். தெக்க ஐஸ் பிளாண்டும் பள்ளிக்கூடமும். கெழக்க கடல், ஆனா கடலுக்கு முன்னால வள்ளம், வலை, கருவாட்டுப் பாய், வலைக் கொட்டகை, எல்லாம் ஊருச் சொத்து. எந்தப் பக்கம் அவ நடந்தாலும் யாராவது ஒருத்தர் வீடோ வயித்துப்பாடோ நசுங்கும். லியோன் சார் குழுவைக் கூட்டி, கிணத்தை ஒட்டி, வீட்டைச் சுத்தி நீத்துச் சுண்ணாம்புல ஒரு கோடு போடச் சொன்னாவ, இதைத் தாண்டாதம்மா, உன் நன்மைக்குத்தான்னு ரொம்ப மரியாதையாச் சொன்னாவ.

எல்லாரும் நல்லவங்கதான், அதுதான் எனக்கு எரிச்சலே. ஒருத்தன் அவளைத் திட்டியிருந்தா, கதவைப் பூட்டியிருந்தா, அவளும் நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பா. இவனுவ முதல் மீனைக் கொண்டுபோயி அவளுக்குக் கொடுத்தானுவ. பலகாரம் சுட்டா மொதத் தட்டு அவளுக்கு. பெரிய டிவி ஒண்ணு வாங்கி மாட்டினாவ, பண்டிகைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாவ, சனிக்கெழமை சாயந்தரம் அவ கூடத்துலயே பூசை வச்சாவ. கோயிலுக்குத்தானே போகணும், கோயிலே உங்கிட்ட வந்துட்டு பாத்தியான்னு ஒருத்தி சொன்னா, அவளை நான் மொறைச்ச மொறைப்பு இன்னும் அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரு நாளு ஜெனோவா கேட்டா, ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுண்ணாம்பைக் கொத்தி மாதாவை வெளிய எடுத்துரலாமே, மாதா எங்கூட வந்துருவாவ, வீடு இங்ஙனயே நிக்கும்லான்னு. கேக்க நியாயமாத்தானே இருக்கு. கோயில் ஹாலுல கூட்டம் போட்டாவ. மாதா வெளிய வந்து, வீடு விரிசல் விட்டு விழுந்துட்டா என்ன செய்யன்னு லியோன் சார் கேட்டாவ. வீடு விழுந்தா எங்க கோடு போச்சேன்னு கடலுக்குப் போறவங்க சொன்னாவ. மாதா போயிட்டா வேன் எதுக்கு வரும்னு சர்பத் கடைக்காரன் சொன்னான். ஆயர் வந்து பாக்கட்டும்னு சாமியார் சொன்னாவ. ரேசன் வரிசைக்காரிங்க நெழலை நெனச்சுக்கிட்டுத் தரையைப் பாத்தாவ, அதுல நானும்தான் இருந்தேன். மாட்டோம்னு ஒருத்தரும் சொல்லல. பொறவு பாப்போம்னு சொல்லிட்டுக் காப்பி குடிச்சிட்டுக் கலைஞ்சாவ.

பொறவு என்ன பாத்தாவன்னு கேட்டா, கெழக்க ஒரு காம்பவுண்டுச் சுவர் கட்டினாவ. பாவம், சாயந்தரம் ஆனா அந்தப் பக்கம் படியில உக்காந்து கடலையே பாத்துக்கிட்டு இருக்கா, உப்புக்காத்து ஒடம்புக்கு ஆகாதுன்னு காரணம் சொன்னாவ. அதுக்குப் பொறவு அவ மாடிக்குப் போயி உக்காந்தா. கடலுக்குப் போன எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, மாடியில ஒரு சேலை தெரியுது மிக்கேலம்மா, கோடு பிடிக்க இப்ப அதையும் சேத்துப் பாக்கோம்னு. சொல்லிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோன்னு தலையைச் சொறிவாரு.

இஞ்ஞாசி வந்துக்கிட்டுத்தான் இருந்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவ, நடுவுல கிணறு. நானும் இங்ஙனயே வந்து இருந்துருதேன், கல்யாணத்தைக் கூடத்துலயே வச்சிக்கிடுவோம்னு அவன் சொன்னான். ஊருக்கும் ரொம்ப சந்தோசம், லியோன் சார் பந்தலுக்குச் சொல்லியாச்சு. ஜெனோவா மாட்டவே மாட்டேன்னுட்டா. நீ வெளிய இருந்தாத்தான் வெளியன்னு ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும், நீயும் உள்ள வந்து மாட்டிக்கிடாதன்னு சொன்னா. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே லாரியில ஏறினான், அவன் வழுக்கை இன்னும் கொஞ்சம் பின்னால போயிருந்துது.

இப்பிடியே வருசம் போச்சு. அவளுக்கு முன்னந்தலையில நரை விழுந்துது. கீழ இறங்கி வாரதை விட்டா, டிவியை அணைச்சா, பலகாரத் தட்டு தட்டுலயே காஞ்சுது. ஒரு நாளு மத்தியானம் நான் சாளைமீன் கொழம்பும் சோறும் கொண்டு போனேன். கூடத்துல சுவத்து மாதாவுக்கு எதுத்தாப்புல தரையில உக்காந்திருந்தா. அவ மாதாகிட்ட மொகம் கொடுத்துப் பேசி நான் பாத்து ரொம்ப நாளாச்சு, கூப்பிட்டதும் இப்பிடியா வருவீயன்னு அவ்வளவு கோவம். அன்னைக்கு ஈரத்துணியை வச்சி மாதா கையில படிஞ்ச மெழுகுக் கறையைத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. நான் தட்டை வச்சிட்டு உக்காந்தேன்.

"யக்கா," அப்பிடின்னா, "இவ்வளவு நாளா இவிய என்னையக் கட்டிப் போட்டாவன்னு நெனச்சேன். இப்பதான் பாக்கேன். இவிய கடலுக்குப் போகணும்னு நின்னவிய. போகவிடாம நெஞ்சு வரைக்கும் சுவரு வச்சிட்டாவ. அதுக்குப் பொறவு இந்த வீட்டுல வந்தவங்க எல்லாம் அதைக் கொடு, இதைக் கொடுன்னுதான் கேட்டிருக்கோம். வாங்கன்னு கூப்பிட்டது நான் ஒருத்திதான். கூப்பிட்டதும் ஒரு வீட்டையே சொமந்துக்கிட்டு வந்துட்டாவ. எவ்வளவு நாளு காத்துக்கிட்டு இருந்திருப்பாவ."

நானும் அந்தச் சுவத்துக்கு முன்னால முட்டி போட்டவதானே, எம்மவன் பரீட்சைக்கும், மவ பிரசவத்துக்கும், எங்க வீட்டுக்காரரு முட்டி வலிக்கும் கேட்டவதானே. நிமிந்து மாதா முகத்தைப் பாத்தேன். சுண்ணாம்புக்கு மேல அந்த முகம் எப்பயும் போலத்தான் இருந்துது, ஆனா எனக்கு அதைப் பாக்க முடியல.

மாடியில உக்காந்து உக்காந்து அவளுக்குக் கடற்கரை மனப்பாடம். வள்ளம் எல்லாம் விடியிறதுக்கு முன்ன போயிரும், உச்சிக்கு மேலதான் திரும்பும், நடுவுல மணலு வெறிச்சோடிக் கெடக்கும், வலையும் பாயும் கொட்டகையும் மட்டுந்தான் இருக்கும்னு சொன்னா. சொல்லிட்டு என்னையப் பாத்தா. வலையையும் பாயையும் அவ எடுக்க முடியாது, கோடு தாண்ட முடியாதுலா. நான், கொழம்பு ஆறுது, சாப்பிடுன்னுட்டு வந்துட்டேன். வந்து, ரேசன் வரிசையில நிக்கும்போது, பக்கத்துல நின்னவகிட்ட, மழை வரும் போல இருக்கு, வெள்ளிக்கெழமை கருவாட்டுப் பாயை எல்லாம் மேட்டுக்கு எடுத்து வைங்கன்னு சொன்னேன். வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. அவ வானத்தைப் பாத்தா, வீட்டைப் பாத்தா, நாங்க நின்ன நெழலைப் பாத்தா, சரிக்கான்னுட்டு அடுத்தவகிட்ட சொன்னா. அது வரிசை கடைசி வரைக்கும் போச்சு, ஒருத்திகூட என்ன ஏதுன்னு கேக்கல.

வெள்ளிக்கெழமை வள்ளம் எல்லாம் போன பொறவு பொம்பளைங்க எல்லாரும் மணலுக்கு வந்தோம். பாயைச் சுருட்டினோம், வலையைத் தூக்கிக் கோயில் ஹாலுல போட்டோம், கொட்டகைக் கம்பைப் பிடுங்கி ஓலையைப் பிரிச்சு ஓரமா அடுக்கினோம். எங்க வீட்டுக்காரரு மட்டும் அன்னைக்கு முட்டி வலிக்குன்னு கடலுக்குப் போகல. எங்க வள்ளத்தைத் தண்ணியில இறக்கி, மோட்டார்ல கை வச்சிக்கிட்டு நின்னாரு. அவரு பக்கத்துல இஞ்ஞாசி, நான் சொல்லி விட்டபடி லாரியைத் தெக்க இருக்க அடுத்த துறையில நிறுத்திட்டு வந்தவன், வள்ளத்துல ஏறின ஒடனே வாந்தி எடுத்தான். கரையோரம் நிக்கிற வள்ளத்துலயே வாந்தி எடுத்தவனை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

ஜெனோவா படி இறங்கினா. கையில மெழுகுதிரி, காத்துல அப்பவே அணைஞ்சு போச்சு, அப்பவும் பிடிச்சிருந்தா. "வாங்கம்மா, நம்ம போவோம்"னா. குரல் நடுங்கல, சந்தைக்குப் போகக் கூட்டாளியைக் கூப்பிடுத மாதிரி கூப்பிட்டா. மூணாந்தடவை கூப்பிட்டு முடிக்க முன்ன ஓடு சலசலன்னுது. கெழக்குக் காம்பவுண்டுச் சுவரு முறுக்கு ஒடைஞ்ச மாதிரி ஒடைஞ்சுது, அவ அந்த வழியா மணலுக்கு வந்தா, பின்னால வீடு வந்துது, கூடத்துச் சன்னலுக்குள்ள மாதா முகம் கடலைப் பாத்துக்கிட்டு வந்துது.

அப்பதான் லியோன் சார் ஓடி வந்தாவ. பனியனோட, ஒரு கால்ல மட்டும் செருப்போட, மூச்சு வாங்க, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு அவ முன்னால வந்து நின்னாவ. சாரை நான் எவ்வளவோ கரிச்சுக் கொட்டியிருக்கேன், ஆனா அன்னைக்கு அவிய கண்ணுல தண்ணி நிசமாவே வந்துது. அந்த வீட்டுக்காக அவிய வெயில்ல கெடந்திருக்காவ, பட்டினி கெடந்திருக்காவ, அதுல பொய் இல்ல.

"இந்த ஊருக்கு இது ஒண்ணுதாம்மா இருக்கு," அப்பிடின்னாவ.

ஜெனோவா நின்னா. பின்னால வீடும் நின்னுது.

"நானும் ஒருத்திதான் இருக்கேன் சார்," அப்பிடின்னா.

சார் கை கொஞ்சம் கொஞ்சமாக் கீழ இறங்குச்சு. வழி விட்டாவன்னு சொல்ல முடியாது, அப்பிடியே மணல்ல உக்காந்துட்டாவ. அவ அவியளைச் சுத்தி நடந்தா, வீடும் அவிய மேல படாம ஒதுங்கி, இவ்வளவு பெரிய வீடு, ஒரு மனுசனுக்காக ஒதுங்கி நடந்துது. அதை நான் என் கண்ணால பாத்தேன்.

அவ வள்ளத்துல ஏறி முன்னால பாத்து உக்காந்தா, இவரு மோட்டாரை இழுத்தாரு. வீடு தண்ணியில கால் வச்சுது. முன்வாசல் வழியா அலை உள்ள போயிப் பின்வாசல் வழியா வெளிய வந்துது. கதவு எல்லாம் ஒண்ணுபின்ன ஒண்ணாத் தானாத் தொறந்துது, இப்பதான் அதுல ஒவ்வொரு கதவும் வெளிய போச்சு. சன்னலுக்குத் தண்ணி ஏறினப்ப மாதா கை மேல அலை பட்டுச்சு. தூணு முங்குச்சு, மாடி முங்குச்சு, ஓட்டுல இருந்த புறா எல்லாம் எந்திரிச்சுக் கோயில் கோபுரத்துக்குப் போச்சு. கடைசியா ஓடு முங்கின எடத்துல கொஞ்ச நேரம் தண்ணி கொப்புளிச்சுது, பொறவு கடல் சாதாக் கடலா ஆயிட்டு. நான் அழுதேன், வாய் விட்டே அழுதேன், பக்கத்துல நின்னவளும் அழுதா. சந்தோசமா துக்கமான்னு கேட்டா அப்ப எங்களுக்குச் சொல்லத் தெரியாது.

உச்சிக்கு மேல வள்ளம் எல்லாம் திரும்பி வந்து, கோடு பிடிக்க மாடியைக் காணாம, கரையைத் தேடித் தடுமாறிச்சு. அன்னைக்கு எங்களுக்கு விழுந்த ஏச்சு கொஞ்சமில்ல. என் வீட்டுக்காரரு மட்டும் ஏசல, அவளைத் தெக்குத் துறையில இறக்கிவிட்டதும் அவ தரையில கால் வச்சி, நடந்து, ஓடி, எதுவும் பின்னால வரலன்னு தெரிஞ்சும் ஓடி, மூச்சு வாங்கிட்டு நின்னு சிரிச்சான்னு சொன்னாரு. அவ சிரிச்சா எப்பிடி இருக்கும்னு எனக்கு நெனச்சுப் பாக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு.

பொறவுதான் பார் சேதி வர ஆரம்பிச்சுது. நம்ம கடல்ல இல்லாத எடத்துல ஒரு புதுப் பாரு, சதுரமா, மேல ஓடு போட்ட மாதிரி, அதுல களவாவும் வெளமீனும் அப்பிடி அடையுதுன்னு தெக்குத் துறைக்காரன் சொன்னான். மறுவாரம் அந்த எடத்துல பாரு இல்ல. பொறவு குமரிக்கு அந்தப் பக்கம் இருக்குன்னாவ. பொறவு கொல்லத்துக் கடல்ல கெடக்குன்னு எம்மவனுக்கு ஒருத்தன் போன் போட்டுச் சொன்னான், அங்ஙன ரொம்ப நாளு கெடந்துது. அவ கரையில போனா, அது கடலுக்கடியில போகுது, அவ்வளவுதான். கரையில யாரு வீட்டுக்கும் சேதமில்ல, மீனுக்கும் சந்தோசம், மாதாவுக்கு எப்பிடி இருக்கும்னு நான் சொல்லணுமா. அவ எங்ஙன இருக்கான்னு எனக்கு யாரும் வந்து சொல்ல வேண்டாம், பாரு எங்ஙன கெடக்குன்னு கேட்டாப் போதும். போன மாசம் அது கொல்லத்தை விட்டு வடக்க நகந்திருக்கு. இஞ்ஞாசி லாரியில அவளும் சேந்து போறா போல, ஊரு பாக்க.

லியோன் சார் இப்பவும் சாயந்தரம் மணலுக்கு வருவாவ. ஒடைஞ்ச காம்பவுண்டுச் சுவத்து மேல உக்காந்துக்கிட்டு, வார வள்ளக்காரங்ககிட்ட எல்லாம் பாரைப் பத்திக் கேப்பாவ, கேட்டுட்டுத் தலையை ஆட்டுவாவ. நேத்து நான் கருவாட்டுப் பாயை மடக்கிக்கிட்டு இருக்கேன், எங்கிட்டயும் கேட்டாவ.

"அது எங்கதான் போயி நிக்கும் மிக்கேலம்மா?"

"ஏன் சார் நிக்கணும்?"னு கேட்டேன்.

அவிய கடலைப் பாத்தாவ. நான் பாயைத் தலையில வச்சிக்கிட்டு எங்க வீட்டைப் பாத்து நடந்தேன்.